வேகாத பல்செட்

அத்தியாயம் ஏழு

கண்ணாடிக் குவளைக்குள் கிடந்த அரைப் பல்செட் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக பெனிஸுக்குத் தோன்றியது. காலை நேரத்தில் அவனைப் பார்த்துச் சிரிக்க வேறு யாரும் இல்லாததால், மரியாதைக்கு அவனும் பதிலுக்குச் சிரித்து வைத்தான்.

"அதுகூட என்ன கொஞ்சல்? வெளிய எடுத்து ஈரத்தை ஒத்தி இப்படிக் குடு," என்றார் பங்கஜம்.

பங்கஜம் பாதி ஆயுளை ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் கழித்தவர். பல்லை அடைக்கிற பசை, பல்செட் செய்கிற பிளாஸ்டிக் எல்லாம் எவ்வளவு கெட்டி என்று குத்திப் பார்ப்பது அவர் வேலை. ஓய்வு பெற்று ஊட்டிக்கு வந்தவர், பொழுது போகாமல் ஊரார் விவகாரத்தில் மூக்கை நுழைத்தார். அது நன்றாக வரவே, பேக்கரிக்கு மேலே இருந்த தன் வீட்டு வாசலில் 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டிவிட்டார். பெனிஸுக்கு அங்கே உதவியாளர் உத்தியோகம். நாற்பதைத் தாண்டியவன், அதற்கு முன்னால் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். ஜீப் நின்றுபோனாலும் வாய் நிற்கவில்லை.

அந்த அறையில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். ஜீவிதா. ஜெகதளாவில் தையல் கடை வைத்திருப்பவள். போட்டுக் கொடுத்த டீயைத் தொடாமல், இரண்டு கைகளையும் ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் பாலமுருகன் கொலைக் குற்றத்தில் உள்ளே இருந்தான். நாளைக்கு ஜாமீன் விசாரணை. கையில் ஏதாவது உருப்படியாக இல்லாமல் போனால் மறுபடியும் உள்ளேதான் என்று வக்கீல் கையை விரித்துவிட்டார்.

கொலையுண்டதாகச் சொல்லப்பட்டவர் கருப்புசாமி, ஜெகதளா பக்கத்தில் டீ பாக்டரி வைத்திருந்தவர். பாலமுருகன் அவருடைய டிரைவர். போன மாதம் மழை பிடித்த ஒரு நாளில் குந்தா அணைப் பக்கம் அவரை இறக்கிவிட்டதாகவும், 'டீ குடிச்சுட்டு வாடா' என்று அனுப்பியவரைத் தான் திரும்பி வந்து பார்த்தால் காணவில்லை என்றும் பாலமுருகன் சொன்னான். போலீஸ் நம்பவில்லை. அதற்கு முந்தின நாள்தான் முதலாளிக்கும் டிரைவருக்கும் பாக்டரி வாசலில் ஊரே கேட்கும்படி சண்டை நடந்திருந்தது. அணையில் குப்பை ஒதுங்கும் கம்பித் தடுப்பில் மேல்வரிசைப் பல்செட் ஒன்று கிடைத்தது. கருப்புசாமிக்குப் பல்செட் செய்து கொடுத்த கோயமுத்தூர் பல் டாக்டர் அதைப் பார்த்ததுமே தலையாட்டிவிட்டார். முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அதிர்ஷ்டம் என்று கருப்புசாமி கேட்டு வாங்கிய சந்து அதில் அப்படியே இருந்தது.

பல் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. போலீசுக்குப் பல்லே போதுமானதாக இருந்தது.

பிறகு கீழ்வரிசையும் அதே கம்பியில் வந்து மாட்டியது. அங்கே குப்பை வாரும் இருளப்பன் அதை ஜீவிதாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவள் ஸ்டேஷனுக்கு ஓடினாள். "கேஸுக்கு மேல்வரிசை போதும்மா, கீழ்வரிசையை நீயே வெச்சுக்க," என்றார் இன்ஸ்பெக்டர். அந்தத் தாராள மனசுக்குப் பங்கஜம் இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். கீழ்வரிசையை இரண்டாக அறுத்து, ஒரு பாதியை நீதிபதிக்கென்று டப்பாவில் பூட்டினார். மறுபாதிதான் ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்த குவளையில் ஒரு நாள் முழுக்க ஊறியது. பக்கத்துக் குவளையில், அதே கோயமுத்தூர் டாக்டரிடம் கேட்டு வாங்கிய வேறொரு பழைய பல்செட்டின் துண்டு ஊறியது.

மைக்ராஸ்கோப்பின் அடியில் துண்டை வைத்து, கூரான வைர ஊசியை அதன்மேல் அழுத்தினார் பங்கஜம். பிறகு கண்ணை வைத்துப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க மேடம், பல்லுக்கே ஊசி போடறது இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தானுங்க," என்றான் பெனிஸ். கீழே பேக்கரியிலிருந்து வாங்கிய வர்க்கி பிஸ்கட் அவன் கையில் இருந்தது.

"ஊசி எவ்வளவு பெரிய பள்ளம் போடுதுன்னு பாக்கறேன். பள்ளம் பெருசா விழுந்தா சாமான் இளகிருச்சுன்னு அர்த்தம். பிளாஸ்டிக்குக்குள்ள எல்லாமே நூல் நூலாத்தான் இருக்கும், ஜீவிதா. நல்லா வெந்துச்சுன்னா ஒரு நூலுக்கும் இன்னொரு நூலுக்கும் குறுக்க முடிச்சு விழுந்துக்கும். முடிச்சு நெருக்கமா இருந்தா ஸ்பிரிட் ஒண்ணும் பண்ண முடியாது. முடிச்சு கம்மியா இருந்தா, உள்ள பூந்து நூலைப் பிரிச்சு இளக்கிரும்."

"அட, இந்தாங்க," என்று பெனிஸ் வர்க்கியை டீயில் முக்கினான். அரைவேக்காட்டு வர்க்கி போலிருக்கிறது, பாதி ஒடிந்து டீக்குள் மூழ்கிப் போனது. "இந்தக் கேஸ்தானுங்களே?"

"அதேதான். ஊறறதுக்கு முன்னால கோயமுத்தூர் துண்டும் இதுவும் ஒரே கெட்டி. கண்ணுக்கும் வித்தியாசம் தெரியலை, கைக்கும் தெரியலை. ஊறினதுக்கு அப்புறம் அந்தத் துண்டு கல்லு மாதிரி அப்படியே இருக்கு. அணையில கெடைச்சது இளகிருச்சு."

ஜீவிதா எழுந்தே விட்டாள். "அப்படின்னா இது மொதலாளி பல்லு இல்லீங்களா?"

"அந்தக் கோயமுத்தூர் டாக்டர் செஞ்சு குடுத்த பல்லு இல்லை. அதைப் பார்த்து அச்சு அசலா வேற யாரோ செஞ்சது. ஒருத்தர் வாயில இருக்க வேண்டிய பல்லுக்கு எதுக்கு டூப்ளிகேட்? அதைத் தண்ணியில போடறதுக்குத்தான்."

பெனிஸ் டீக்குள் போன வர்க்கியைக் கரண்டியால் தேடிக்கொண்டே குவளையை எட்டிப் பார்த்தான். "மேடம், இந்த ஸ்பிரிட்டைப் பாத்தீங்களா? கேசரி கலர்ல இருக்குது. பல்லை ஊறவெச்சீங்களா, ஜிலேபியை ஊறவெச்சீங்களா?"

பங்கஜம் திரும்பினார். கோயமுத்தூர்த் துண்டு ஊறிய குவளையில் ஸ்பிரிட் தெளிவாக இருந்தது. இன்னொன்றில் பளபளவென்று ஆரஞ்சு நிறம். அவர் ஊசியை விட்டுவிட்டு, குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"புதுப்பல்லைப் பழசாக் காட்டறதுக்குக் கறை ஏத்தியிருக்காங்க. டீத்தூள்ல ஊறவெச்சிருக்கணும். ஆனா வெறும் டீக்கறை இப்படிப் பூக்காது. இது சாயம் போட்ட டீத்தூள்." அவர் குரல் தணிந்தது. "ஜீவிதா, மொதலாளிக்கும் உன்ற புருஷனுக்கும் சண்டைன்னாங்களே. எதுக்கு?"

ஜீவிதா தரையைப் பார்த்தாள். அதை வெளியே சொன்னால் பாக்டரியில் இருக்கிற மற்றவர்கள் பிழைப்பும் போய்விடும் என்று பாலமுருகன் சத்தியம் வாங்கியிருந்தான். ஆனால் சத்தியத்தைக் காப்பாற்றுகிற நேரம் தாண்டிப் போயிருந்தது.

"கலர் மூட்டைங்க. மலைக்குக் கீழ இருந்து ஜீப்புல ஏத்தியாரச் சொல்லுவாருங்க. தூளுல கலக்கறதுக்கு. இனிமே ஏத்தமாட்டேன், ஆபீசருங்க வந்து கேட்டா உள்ளதைச் சொல்லிப்போடுவேன்னு இவரு சொல்லிட்டாருங்க."

பெனிஸ் மெல்ல விசிலடித்தான். டிரைவர் உள்ளே போனதில் யாருக்கு லாபம் என்று அவனுக்கும் புரிய ஆரம்பித்தது. முதலாளியைக் கொன்றவன் சொல்கிற சாட்சியை எந்த அதிகாரி எடுப்பார்? பாக்டரியை இப்போது நடத்துகிற, கருப்புசாமியின் அண்ணன் மகன் தினகரன் முகம் அவன் கண்முன் வந்தது. சிரிக்கும்போதுகூட யாரையோ ஏமாற்றிவிட்டது போலவே சிரிக்கும் முகம்.

"தினகரனைப் புடிச்சு நாலு சாத்து சாத்தினா..." என்று ஆரம்பித்தான்.

"முதல்ல செஞ்சவனைப் புடிப்போம். செய்யச் சொன்னவன் தானா வருவான்." பங்கஜம் மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். அவருக்கு ஏதோ நெருடியது. "இது அவசர வேலை இல்லை, பெனிஸ். வழவழன்னு தேச்சிருக்கான். உள்ள ஒரு குமிழ் இல்லை. நல்ல கைதேர்ந்தவன். எல்லாத்தையும் ஒழுங்காப் பண்ணிட்டு, வேகவைக்கறதுல மட்டும் கோட்டை விட்டிருக்கான். ஏன்?"

பல்செட் செய்கிறவர்கள் பிளாஸ்டர் அச்சுக்குள் பிளாஸ்டிக் மாவை அடைத்து, இறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு வேகவைப்பார்கள் என்பது பெனிஸுக்கு இந்தக் கேஸில்தான் தெரியும். அதைக் கேட்ட நாளிலிருந்து அவனுக்கு இட்லியின் மேலிருந்த மரியாதை குறைந்திருந்தது.

"அடுப்புல கேஸ் தீந்துபோயிருக்கும் மேடம். இல்லாட்டி எங்க மச்சான் மாதிரி ஆளா இருப்பான். போன மாசம் திருப்பூர்ல இருந்து வந்தான். சாம்பார் வெக்கறேன்னு பருப்பைச் சட்டியில போட்டு வெச்சுட்டு, கொதிக்குது கொதிக்குதுங்கறான், வேகவே இல்லை. டேய், இது ஊட்டிடா, குக்கர் இல்லாம..."

அவன் நிறுத்தினான். பங்கஜம் அவனைப் பார்த்த பார்வையில் அவனுக்கே தன் வாயிலிருந்து ஏதோ உருப்படியானது வந்துவிட்டது தெரிந்தது. அப்படி ஆவது அபூர்வம் என்பதால் கொஞ்சம் பயந்தும் போனான்.

"மேல சொல்லு."

"அதானுங்க. இங்க தண்ணி சீக்கிரமே கொதிச்சுரும், ஆனா அவ்வளவு சூடு இருக்காது. பொறந்த கொழந்தைக்கும் தெரியும். இந்த ஊர்ல பல்செட் செய்யறவனா இருந்தா குக்கர்ல வெப்பான், இல்லாட்டிக் கூட நேரம் வெப்பான்."

"அப்ப இதைச் செஞ்சவன்?"

"கீழ இருந்து வந்தவன். புதுசா வந்தவன். கோயமுத்தூர்க் கணக்குல வேகவெச்சவன்."

"உனக்குச் சம்பளம் ஏத்தலாம்னு தோணுது," என்றார் பங்கஜம். "போனை எடு. அந்த எண்ணம் மாறறதுக்குள்ள கண்டுபுடி."

ஊட்டியில் பல்செட் செய்கிற லேபுகள் தொட்டுக்கொள்கிற ஊறுகாய் அளவுக்குத்தான் இருந்தன. பெனிஸ் ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு, தன் அப்பாவுக்குப் பல் கட்ட வேண்டும், ஆனால் கோயமுத்தூர்க் கைவேலைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார் என்றான். அவன் அப்பா முப்பத்திரண்டு பல்லோடு ஜம்மென்று இருப்பவர். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த லேபில் உடனே பதில் வந்தது. "எங்ககிட்டயே ஆளு இருக்காருங்க, கீர்த்திவாசன்னு. கீழ இருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. தங்கமான கை."

ஜீவிதாவும் கூடவே வந்தாள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

கீர்த்திவாசன் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு அறையில், இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேஜை முழுக்க சிரிக்கிற வாய்கள். ஒரு மூலையில் ஸ்டவ்மேல் மூடி இல்லாத பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. பெனிஸ் அதைப் பார்த்துவிட்டுப் பங்கஜத்தின் முழங்கையை இடித்தான்.

பங்கஜம் அறுத்த பாதிப் பல்செட்டை மேஜையில் வைத்தார். கீர்த்திவாசனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஐயோ, என்னங்க இப்படி அறுத்துப்போட்டீங்க? எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சேன்!"

மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. பெனிஸ் வழியில் யோசித்து வைத்திருந்த மிரட்டல் வசனங்கள் எல்லாம் வீணாயின.

"யாருக்குச் செஞ்சீங்க தம்பி?" என்றார் பங்கஜம்.

"ஒரு பெரியவருக்குங்க. பழைய செட்டைக் கொண்டாந்து, இதே மாதிரி இன்னொண்ணு வேணும்னாரு. பார்த்தா, அது கோயமுத்தூர்ல இருக்கறப்ப நானே செஞ்சது! எங்கையை எனக்குத் தெரியாதுங்களா? டாக்டர் சீட்டு இல்லாம செய்யக் கூடாதுதாங்க. ஆனா, நம்ம வேலையைத் தேடி ஒருத்தர் வந்தா சந்தோசமா இருக்குமுங்களே. கறையை மட்டும் நானே ஏத்திக்கறேன், புதுசா இருந்தா எனக்குக் கூச்சமா இருக்கும்னாரு."

"பெரியவரா? சின்ன வயசு ஆள் இல்லையா? சிரிச்சா ஏமாத்தற மாதிரி இருக்குமே?" என்றான் பெனிஸ்.

"இல்லீங்க. அவரு வாய்க்கு அவருதானே வரோணும்?"

ஜீவிதா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கேட்க வேண்டிய கேள்வியைப் பங்கஜம் மெதுவாகக் கேட்டார்.

"அவரை எப்பக் கடைசியாப் பார்த்தீங்க?"

"போன வாரங்க. பொரிகடலையைக் கடிச்சுப் பழைய செட்டு விரிசல் விட்டுப்போச்சுன்னு கொண்டாந்து குடுத்தாரு. புதுசு எங்கீங்கன்னு கேட்டேன். தொலைஞ்சு போச்சுன்னாரு. சேரங்கோட்டுப் பக்கம் தோட்டத்துல இருக்காராமா. அங்கிருந்து பஸ் ஏறி வாறாரு பாவம், பல்லு இல்லாம கஞ்சி குடிச்சுட்டு. இன்னிக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கறேன்னாரு."

கீர்த்திவாசன் தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து ஒரு பல்செட்டை எடுத்துக் காட்டினான். முன்பல் இரண்டுக்கும் நடுவே அதிர்ஷ்டச் சந்து.

"செத்தவருக்குப் பொரிகடலை கேக்குதா," என்றான் பெனிஸ். இந்தத் தடவை அவனுக்கே சிரிப்பு வரவில்லை. தினகரனை மனசுக்குள் அடித்த நாலு சாத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டான்.

ஜீவிதாவின் முகம் வெளுத்திருந்தது. அவள் அந்த மனுஷனுக்காக அழுதவள். கணவன் கொன்றிருக்க மாட்டான் என்று தெரிந்தாலும், செத்துப் போனாரே என்று துக்க வீட்டில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து துரத்தப்பட்டு வந்தவள். அந்த அழுகையெல்லாம் இப்போது அவளுக்குள் கொதித்துத் திரும்பியது. பங்கஜம் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். அவர் வேலையாக இருப்பதாகச் சொன்னார். "உங்க கொலைக் கேஸ்ல பொணம் நடந்து வருதுங்க, வந்து எடுத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுப் பங்கஜம் போனை வைத்தார்.

மத்தியானம் தூறலோடு கருப்புசாமி வந்தார். மழைக்கோட்டு, குரங்குக் குல்லா, மூடுபனியில் எதற்கென்றே தெரியாத கறுப்புக் கண்ணாடி. நேராகக் கீர்த்திவாசனின் மேஜைக்குப் போய்க் கையை நீட்டினார்.

"எங்க எம் பவ்வு?" என்றார்.

"இந்தாங்க இருக்கு," என்றான் பெனிஸ், அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டு. "உங்க காரியத்துக்கு வடையெல்லாம் சாப்பிட்டோமுங்க. வடை நல்லா இருந்துச்சு."

கருப்புசாமி திரும்பினார். ஜீவிதாவைக் கண்டதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஓடிப்போக வேண்டுமென்றால் பெனிஸைத் தாண்ட வேண்டும். பெனிஸ் எடையில் சாதாரணப்பட்ட ஆள் இல்லை.

"அணையில எது விழுந்தாலும் அந்தக் கம்பியில வந்து நிக்கும்னு இங்க எல்லாத்துக்கும் தெரியும்," என்றார் பங்கஜம். "அதனால பல்லை வீசிட்டீங்க. சாயம் கலந்த கேஸ் செத்தவர்மேல நடக்காது. சாட்சி சொல்லப்போறவனும் கொலைகாரன் ஆயிட்டான். எல்லாம் சரியாத்தான் யோசிச்சீங்க. ஆனா, கறை ஏத்தறதுக்கு எதுக்கு உங்க பாக்டரித் தூளைப் போட்டீங்க? நீங்களே குடிக்காத தூளை?"

கருப்புசாமி ஜீவிதா பக்கம் நகர்ந்தார். பல்லில்லாத வாயால் குழைந்து குழைந்து பேசினார். காதைக் கூர்மையாக்கிக்கொண்டால் புரிந்தது. பாலமுருகன் நல்ல பையன். கொஞ்ச காலம் உள்ளே இருந்தால் ஒன்றும் தேய்ந்து போய்விட மாட்டான். அதற்குள் பாக்டரி விவகாரம் ஆறிவிடும். அவளுக்கு வேண்டியதை எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். நீ என்னைப் பார்க்கவே இல்லை என்று மட்டும் வைத்துக்கொள் அம்மிணி.

பெனிஸுக்குக் கை துறுதுறுத்தது. பங்கஜம் கண்ணாலேயே அவனை அடக்கினார்.

ஜீவிதா கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. கீர்த்திவாசன் கையிலிருந்த பல்செட்டை வாங்கினாள். தன் சேலைத் தலைப்பால் ஈரத்தைத் துடைத்தாள். அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"போட்டுக்கங்க மொதலாளி."

அவர் பின்வாங்கினார்.

"போட்டுக்கங்கன்னு சொல்றேன். எம்பட புருஷன் சொன்னது ஒருத்தருக்கும் புரியலை. நீங்க சொல்றது எல்லாத்துக்கும் புரியோணும்."

வெளியே போலீஸ் ஜீப் வந்து நின்றது. பெனிஸ் கதவைவிட்டு விலகினான். இன்ஸ்பெக்டர் தொப்பியில் தூறலைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்து, குல்லாக்காரரை மேலும் கீழும் பார்த்தார். யாரென்று அவருக்கும் தெரியவில்லை. அவர் பார்த்திருந்தது மாலை போட்ட போட்டோவில் முழுப்பல் தெரியச் சிரிக்கிற முகத்தைத்தான்.

"யாருய்யா நீ? பேரென்ன?"

கருப்புசாமி ஜீவிதாவைப் பார்த்தார். அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவர் பல்செட்டை வாங்கி வாயில் வைத்து அழுத்தினார். கன்னம் நிறைந்தது. சந்துவிட்ட முன்பல் வெளியே தெரிந்தது. இன்ஸ்பெக்டரின் கை தொப்பியிலேயே நின்றுவிட்டது.

"கருப்புசாமி," என்றார். கோயமுத்தூர்க் கைவேலை, ஒவ்வொரு எழுத்தும் மணியாக வந்தது.

ஜீவிதாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க சார்," என்றாள்.